இடதுகை அரிவாள்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் மன்னார்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன். கதை கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே விட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். போன தை மாதம், மதியம் ஒன்று பத்துக்கு.

எங்கள் சம்பா அறுப்புக்கு நின்றது. சாயங்காலம் மழை என்று செல்போன் சொல்லிக்கொண்டே இருந்தது. நனைந்தால் ஆறு மாதப் பாடும் சேற்றோடு போய்விடும். கூத்தாநல்லூர் சமீர் இரண்டு மணிக்கு அறுவடை மிஷினோடு வருவதாகச் சொல்லியிருந்தான். மிஷின் இறங்கித் திரும்ப வேண்டுமானால், அதற்கு முன்னால் வயலின் நாலு மூலையையும் கையால் அறுத்துவிட வேண்டும். கூப்பிட்டால் வர ஆள் இல்லை. அப்பா கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் இருந்தார். நானும் என் மனைவி மீனாவும்தான்.

வீட்டில் இருந்த அரிவாள் எதுவும் மீனாவுக்குச் சரிப்படவில்லை. அவள் இடதுகைக்காரி. அரிவாளின் பல்லை வலதுகைக்கென்றே வெட்டியிருப்பார்கள். இடதுகையில் பிடித்தால் வழுக்கும். பரணைக் குடைந்தவள், சாக்குக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதன் பல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பிடி தேய்ந்து, விரல் விரலாகப் பள்ளம்.

"எனக்குன்னே அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அரிவாளை நான் பார்த்ததே இல்லை. அவசரத்தில் அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. மடையன் நான்.

ஒன்று பத்து. நான் வடமேற்கு மூலையில். எதிர்மூலையில் மீனா, தலையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்தாள். சரக்... சரக்... சரக்... என்ன வேகம்! பாபநாசம் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது?

"மெதுவா அறு மீனா!"

நிமிரவில்லை. சரக்... சரக்...

காலையில் என் நீலச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த முதுகில் சட்டை இல்லை.

ஒன்று பதினேழு. செல்போன் அடித்தது.

மீனா.

"என்னங்க, மோட்டார் கொட்டாய்ல இருக்கேன். தண்ணி கொண்டு வரவா?"

"அப்ப... மூலையில அறுக்கிறது யாரு?"

"ஒரு அம்மா வந்தாங்க. 'இது என் மூலை, நீ போ தாயி'ன்னு கைய நீட்டுனாங்க. குடுத்துட்டேன்."

"கையிலயா குடுத்தே?"

எங்கள் பக்கம் அரிவாளைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். மீனாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

"ஆமா. அவங்க வெரலு பட்டுச்சு. கட்டை மாதிரி வெறச்சிருந்துச்சுங்க..."

சத்தம் நின்றிருந்தது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஓடினேன். மூலை முழுக்க அறுத்து முடிந்திருந்தது. அரிவாளைக் காணோம். நடுவில் ஒரே ஒரு நெற்கட்டு. காலால் புரட்டினேன்.

நல்ல பாம்பு.

இரண்டு துண்டாக.

வால்... இன்னும் அசைந்தது.

சமீர் சொன்னபடி வந்தான். மழைக்கு முன்னால் நெல் வீடு சேர்ந்தது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. நானும் மீனாவும் வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அப்பா கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். பல் எதிர்ப்பக்கம் சாய்ந்த அரிவாள் என்றதும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அக்கா வேம்பு... இடதுகைக்காரி. அப்ப அது நம்ம வயல் இல்ல, கூலிக்கு அறுத்தோம். அந்த மூலையிலதான் பாம்பு கடிச்சுச்சு. பாதி அறுப்புல போய்ட்டா. எனக்குப் பத்து வயசு."

"அவங்க அரிவாளத்தான் பரண்ல வச்சிருந்தீங்களாப்பா?"

"எப்பிடிடா வைப்பேன்? அவ வெரலப் பிரிக்கவே முடியல. வெறச்சுப் போச்சு. அரிவாளோடவே பொதைச்சுட்டோம்."

மீனா இடது உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். இன்று வரை துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.