சித்தப்பா கண்டுபிடித்த துண்டு

எங்கள் வீட்டில் மடி பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா. அப்பாவின் மடி ஊருக்குத் தெரிந்த மடிதான். விடிவதற்குள் குளித்து, ஈர வேஷ்டியோடு பெருமாளுக்குத் திருவாராதனம் முடிக்கிறவரை ஈ காக்காய் கிட்டே போகக் கூடாது. சித்தப்பாவின் மடி காலேஜில் இருந்தது. அங்கே அவர் ஒரு கண்ணாடிக் குழாயைக் காபந்து பண்ணிக்கொண்டிருந்தார். அதை வெறும் விரலால் தொட்டுவிட்டால் போச்சு. விரலிலிருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டு எல்லாம் கெட்டுவிடுமாம். ஸ்பிரிட்டால் கையை அலம்பி, வெளுத்த துணியால்தான் எடுப்பார். "நாங்க மடி பாத்தா பழைய கர்நாடகம், இவர் பாத்தா சயன்ஸ்" என்பாள் அம்மா.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த சமயம். மைசூரில் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா உத்தியோகம். சித்தப்பா காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை; எங்களோடுதான் இருந்தார். தாத்தா காலமானபோது அவர் கைக்குழந்தையாம். அப்பாதான் தூக்கி வளர்த்தாராம். அதனால் அண்ணா எதிரில் சித்தப்பாவுக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது.

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொள்வாள். "எங்காத்துல ஜாடி ஒடஞ்சா நான் பெருக்கிக் கொட்டறேன். இவர் ஒடச்சு ஒடச்சு எடை போட்டுண்டிருக்கார்!"

கேலியாகச் சொன்னாலும் விஷயம் ஏறக்குறைய அதுதான். டர்பன்டைனிலிருந்து பிரித்த ஒரு திரவம். அதன் ஆவியைக் காற்று உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். உள்ளே பழுக்கக் காய்ந்த கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து அந்த ஆவியின் மூலக்கூறுகளை அடிக்கும். அடி வாங்கினது மின்னேற்றம் பெறும்; சிலது அப்படியே இருக்கும், சிலது துண்டு துண்டாக உடையும். பெரிய காந்தம் ஒன்று அந்தத் துண்டுகளை வளைக்கும். லேசான துண்டு அதிகம் வளையும், கனத்த துண்டு அவ்வளவு வளையாது. வளைவை வைத்து எடையைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு துண்டும் குழாயின் கோடிக்கு வந்து சேரும்போது சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு நகரும். எனக்கு மற்றதெல்லாம் அக்கறை இல்லை. பொட்டு நகர்வதைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போவேன். அறை முழுக்கப் பெயிண்ட் கடை வாசனை அடிக்கும்.

அந்த வருஷம் பெங்களூரிலிருந்து பெரிய புரொபசர் ஒருவர் வந்து குழாயைப் பார்த்துவிட்டு, "இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் காட்டு, உன்னைச் சீமைக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கராந்தி கழித்து மறுபடி வருவதாகப் பேச்சு. அன்றிலிருந்து சித்தப்பா பாதி சீமையில் இருந்தார். சாத்துமது, அதாவது ரசம், பிசைந்த சாதத்தில் மோரை ஊற்றிக்கொள்வார். கூப்பிட்டால் காதில் விழாது. அப்பாவோ ஒர்க்‌ஷாப் முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார். "என் தம்பி சீமைக்குப் போறான்" என்று மார்க்கெட்டில் வாழைப்பழக்காரனிடம்கூடச் சொன்னதை நான் கேட்டேன்.

தசரா வந்தது. ஆயுதபூஜைக்கு முதல் நாள் அப்பா ஆரம்பித்தார். "ஒர்க்‌ஷாப்புல எஞ்சினுக்கே மாலை போடறோம். ஒன் மிஷினுக்கு ஒண்ணும் கெடையாதாடா?"

"அது கண்ணாடி அண்ணா."

"கண்ணாடின்னா என்ன? சந்தனம் இடலாமே."

"ஒட்டிண்டா போகாது."

"குங்குமம்?"

"வேண்டாமே."

"சரி, வாசல்ல ஒரு பூசணிக்கா ஒடச்சுட்டு வந்துடறேன்."

"அய்யய்யோ, அந்த ரூம் கிட்ட எதையும் ஒடைக்கப்படாது!"

"நீங்க மட்டும் ஒடைக்கலாமாக்கும்" என்றாள் அம்மா தளிகை உள்ளில் சமைத்துக்கொண்டே.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். பெருமாள் தீர்த்தம் ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். "பெருமாள் தீர்த்தத்தைவிட சுத்தமான வஸ்து லோகத்துல உண்டாடா, சொல்லு பாப்போம்?" என்று கேட்டார். சயன்ஸ் படித்த சித்தப்பா சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் அப்பா தீர்த்த வட்டிலைப் பட்டுத் துணியால் மூடிக்கொண்டு, மடி போய்விடும் என்று ஜட்காவில் ஏறாமல் காலேஜுக்கு நடந்தே போனார்; நானும் பின்னாலேயே போனேன். லீவு நாளாகையால் சித்தப்பா குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆவியை உள்ளே விடுகிற கண்ணாடித் திருகு காற்றுப் புகாமல் அடைக்கிற கிரீஸ் பசை புதிதாகத் தடவி மேஜையில் இருந்தது. அப்பா கண்ணை மூடி, துளசியால் தொட்டுத் தெளித்தார். ரெண்டு சொட்டு என்று சொன்னவர் கை தாராளமாகவே தெளித்தது. அவர் அந்தண்டை திரும்பியதும் சித்தப்பா ஈரத்தை மட்டும் பவ்யமாக ஒற்றி எடுத்துவிட்டுத் திருகைப் பொருத்தினார்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். "மன்னி, கெடச்சுடுத்து! புதுசா ஒரு துண்டு!" அந்தத் திரவம் உடைகிறபோது அப்படி ஒரு எடையில் துண்டு வரும் என்று யாருமே சொன்னதில்லையாம். அவரும் அவசரக்காரர் இல்லை. திருகை மூடிப் பார்த்தாராம், துண்டு காணாமல் போய்விட்டது. திறந்தால் மறுபடி வந்தது. ஆகவே அது திரவத்திலிருந்து வருவதுதான். சந்தேகத்துக்கு இடமில்லை. காலேஜில் எல்லோரும் கை குலுக்கினார்கள். அப்பா கம்பளிக் கோட்டுத் துணிக்குத் தையற்காரனிடம் சொல்லிவைத்தார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் வெண்பொங்கல் சாப்பிடுவதற்கு முன்னால் எல்லோரும் தீர்த்தம் வாங்கிக்கொள்ள வேண்டும். சித்தப்பா எப்போதும் மடக்கென்று குடித்துவிட்டு ஓடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கையில் தீர்த்தத்தை ஏந்தியவர் குடிக்காமல் அப்படியே நின்றார். முகர்ந்து பார்த்தார்.

"மன்னி, இதுல என்ன சேக்கறேள்?"

"இதென்ன புதுசாக் கேக்கறேள்? பச்சைக் கற்பூரம், ஏலக்கா, துளசி. எப்பவும் உள்ளதுதான்."

"ஆயுதபூஜை அன்னிக்கும் போட்டேளா?"

"அன்னிக்கு ஒரு சிட்டிகை கூடவே போட்டேன். ஒங்க மிஷினுக்காச்சே!" என்றாள் அம்மா, பெருமையாக.

சித்தப்பா தீர்த்தத்தைக் குடித்தார். அப்பா அந்தண்டை போகிறவரை காத்திருந்து, பெருமாள் உள்ளில் நுழைந்து, டப்பாவிலிருந்து பச்சைக் கற்பூரம் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அன்று அவர் திரவத்தைத் தொடவே இல்லை. திருகைக் கழற்றிப் பழைய பசையை வழித்தெறிந்து, புதுப் பசை போட்டு, கற்பூரத்தை மட்டும் வைத்து அதன் ஆவியை உள்ளே விட்டார். காற்றை உறிஞ்சி எடுக்கவே வெகு நேரம் பிடித்தது. பிறகு காந்தத்தை முடுக்கினார். சுவரில் வெளிச்சப் பொட்டு அசையாமல் இருந்தது. புதுத் துண்டின் இடம் வந்ததும் துள்ளிக்கொண்டு ஓடிற்று. முன்னெல்லாம் அது இத்தனை தூரம் ஓடினதே இல்லை.

"பெரிசா வந்துடுத்து சித்தப்பா!" என்று நான் கை தட்டினேன்.

சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹோக்லி பிடு" என்று கன்னடத்தில் சொன்னார். போகட்டும் விடு என்று எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. இவ்வளவு பெரிதாக வந்தும் இந்த மனுஷருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

திரும்பி வரும்போது சைக்கிளை நிறுத்தி, "பெருமாள் டப்பாலேர்ந்து கற்பூரம் எடுத்துண்டத அண்ணாட்ட சொல்லாதே, என்ன?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெருமாள் சொத்தைத் திருடியிருக்கிறார். அதுதான் முகம் அப்படி இருக்கிறது. தலையாட்டினேன்.

சங்கராந்தி கழித்துப் புரொபசர் வந்தார். வந்தவர் தலைப்பாகையைக்கூடக் கழற்றியிருக்கமாட்டார். சித்தப்பா, "சார், அது என் திரவம் உடைஞ்சு வந்த துண்டு இல்லை, கற்பூரம்" என்று சொல்லிவிட்டாராம். தீர்த்தத்தோடு வந்த கற்பூரம் திருகின் பசையில் கரைந்து தங்கியிருக்கிறது. திருகைத் திறக்கும்போதெல்லாம் ஆவியோடு கூடவே உள்ளே போயிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புரொபசர் முதுகில் தட்டிக்கொடுத்தார், நல்ல பிள்ளை என்றார், அந்த வருஷம் வேறு யாரையோ அனுப்பினார். நான் வளர்ந்து ரசாயனம் படித்தபோது சித்தப்பாவே இதையெல்லாம் எனக்குச் சொன்னார். சொன்னபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. கடைசிவரை அவர் சீமை பார்க்கவில்லை.

அன்று வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தத் துண்டு தப்பாப் போயிடுத்து. நான் போகலை."

மறுநாள் அப்பா அக்காரவடிசில் தளிகை பண்ணச் சொன்னார். எதற்கு என்று அம்மாவுக்கே புரியவில்லை. இலையில் உட்கார்ந்ததும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இனிமே சொல்றதுக்கென்ன. ஊர் பூரா பெருமையடிச்சிண்டேனே தவிர, எனக்கு ஒன்ன அனுப்ப மனசே இல்லடா. அன்னிக்குத் தீர்த்தம் தெளிக்கறச்சே, இவன் கடல் தாண்டிப் போகப்படாது, என் கண்ணெதிர்லயே இருக்கணும்னுதான் பெருமாள்ட்ட வேண்டிண்டேன்."

அம்மா நெய்க் கிண்ணத்தோடு நின்றாள். சித்தப்பா தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை.

"பலிச்சுடுத்து அண்ணா. ஒங்க தீர்த்தம்தான் காரணம். வேற ஒண்ணுமே இல்ல."

அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கற்பூரம் திருடின பயத்தில்தான் சித்தப்பாவுக்கு இவ்வளவு பக்தி வந்திருக்கிறது, பெருமாளும் மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. அம்மாவிடம் இன்னொரு கரண்டி அக்காரவடிசில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.