கிணற்றடித் தென்னையும் செத்த பசுவும்

என்னைவிடப் பெரிய மடையனை எங்கள் ஊரில் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆசையாக வளர்த்த பசு தொழுவத்தில் செத்துக் கிடக்கிறது, மனைவி அடுக்களையில் அழுகிறாள், நான் காய்க்காத தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தென்னை மூட்டில் மாட்டைப் புதைத்தால் குலைகுலையாகக் காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தத் தென்னை கிணற்றிலிருந்து பத்தடியில் நிற்கிறது என்பதுதான் புத்தியில் ஏறவில்லை.

மச்சினனும் நானும் விடிந்ததுமே மம்பட்டியை எடுத்தோம். மூன்றடியில் ஊற்று வந்துவிட்டது. வயலோரத்து மண், வராமல் இருக்குமா?

"நல்லதாப் போச்சு, தென்னைக்குத் தண்ணியும் ஆச்சு" என்றேன்.

மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். அவள் மகள் பிள்ளை பெற்று வந்து பதினைந்து நாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

"ஏலே, எதுக்கு மெனக்கெட்டுக் குழி வெட்டுகே? மாட்டை நேரே கிணத்துக்குள்ள தள்ளிரு. சோலி தீந்துரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் வயிறு நிறையத் திட்டினார். பிறகு சொன்னார்: கிணறு, வாய்க்கால் பக்கமே போகக் கூடாது. ஊற்று வராத மேட்டில் ஆறடிக்குக் குறையாமல் வெட்ட வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு. நாய் தோண்டாதபடி மேலே கல்.

மேடு என்றால் தோப்புக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேடுதான். மண்வெட்டும் இயந்திரம் போக வழி கிடையாது. கம்பிப்பாரையால் குத்தினால் பாரைதான் துள்ளியது. மத்தியானத்துக்குள் இரண்டு கையும் கொப்பளித்துவிட்டன.

"அத்தான், மிச்சத்தை நாளைக்குப் பாப்போமா?" என்றான் மச்சினன்.

"நாளைக்கு நாய் பாத்துக்கிடும். வெட்டு மாப்ள."

வெயில் தாழ்வதற்குள் ஆறடி வந்தது. நாலு பேரைக் கூட்டி, பசுவைத் தார்ப்பாயில் வைத்து இழுத்துப்போய் இறக்கினோம். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் கல்லை வைத்தபோது என் முதுகு என்னுடையதாகவே இல்லை.

கிணற்றடிக் குழியை மூடத் திரும்பி வந்தால், அக்கா வாளியோடு காவல் நிற்கிறாள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாடுபட்டு வெட்டின குழி அக்கா, வெறுமனே மூட மனசு வரமாட்டங்கு. தென்னைக்கு எதையாவது போட்டு மூடினா என்ன?"

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ இறங்கிப் படு."