பால்செடிக்கு நடுவே ஒரு நாற்காலி

அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், வாசல் புல் எட்டு அங்குலத்தைத் தாண்டினால் நகராட்சிக் கடிதம் வந்துவிடும். ஜூன் மாதம் லோரெட்டாவுக்கு வந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் படித்தாள்.

அவள் வளர்த்தது புல் அல்ல, பால்செடி. மொனார்க் வண்ணத்துப்பூச்சி வேறு எந்த இலையிலும் முட்டையிடாது. இரண்டு வருஷம் வெறும் இலையாக நின்ற செடி, இப்போதுதான் மொட்டுக் கட்டியிருந்தது.

நகராட்சிக்குப் போன் போட்டாள். "ஓரத்துல ரெண்டடி மட்டும் வெட்டிவிடுங்க மேடம். வேணும்னே வளக்கறீங்கன்னு தெரியணும்ல? வெள்ளிக்கிழமை பாக்க ஆள் வரும்" என்றது மறுமுனைக் குரல்.

ரெண்டடி! அறுபத்திரண்டு வயது முட்டிக்கு அது ரெண்டு மைல். பக்கத்து வீட்டு வெர்னிடம், "லெட்டர் வந்திருக்கு, வெட்ட முடியல" என்று அலுத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

எழுந்தபோது வெர்ன் வாசலில் நின்றார், கையில் மனைவி சுட்ட 'பை' என்ற பழப் பணியாரத் தட்டோடு.

"ஏம்மா, நல்லாத் தூங்கினியா? புல்லு வெட்ற மெஷினை ஓட்டி மொத்தத்தையும் வழிச்சிட்டேன். ஒரு குச்சி விடல!"

தரையோடு வெட்டுப்பட்ட தண்டுகளில் பால் கசிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ், வெர்ன்."

அந்த ஊர் வழக்கம் அப்படி. உதவிக்கு வந்தவன் வீட்டையே கொளுத்தினாலும் நன்றி சொல்லி, பை வந்த தட்டைக் கழுவித் திருப்பித் தரவேண்டும். வெள்ளிக்கிழமை வந்த நகராட்சி ஆளும் "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரத்தில் வேர் மறுபடி துளிர்த்தது. முழங்கால் உயரம். ஒரு இளம் இலையின் அடியில் ஊசிமுனை அளவு வெள்ளை முட்டை. அதைப் பார்த்த அன்றே வெர்னின் மெஷின் சத்தமும் கேட்டது.

வேலை உடுப்போடு மடக்கு நாற்காலியை இழுத்துப்போய்ப் பாத்தி நடுவில் உட்கார்ந்தாள் லோரெட்டா.

"தள்ளிக்கோம்மா, அஞ்சே நிமிஷம்."

"நான் இங்கதான் தூங்கப்போறேன்."

"வெயில்ல வெந்துருவே!"

"வேகறேன். நீ சுத்தி ரெண்டடி மட்டும் வெட்டு. இது நான் வளத்தது வெர்ன். போன தடவை எனக்கு அழுகையே வந்துச்சு."

அவர் மெஷினை நிறுத்தினார். "அப்ப தேங்க்ஸ் சொன்னியே?"

"பை நல்லா இருந்துச்சு."

வெர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு மெஷினைக் கிளப்பி, அவளைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். இரண்டாம் சுற்று முடிவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.