எறும்பு மொய்த்த இடது செருப்பு

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தடவை மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். கூரை ஒழுகியது, வெளியே வந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் சர்க்கரை, ரத்தம், எடை என்று நான் சொல்லப்போவதைப் படித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பயப்படுவதில் எனக்கு ஈடாக போடியில் ஆள் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் என் வயிறு தனி ஆளாக உட்கார்ந்து வரும். கொண்டை ஊசி வளைவில் நான் திரும்பி முடித்த பிறகுதான் அது திரும்பும். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள், அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொல்லிக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சிரிப்பை நிறுத்தியவன் என் அண்ணன். ராசிங்காபுரத்தில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பையில் எனக்கு மூத்தவன். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. கடைசியில் மிச்சமிருந்த ஆளை எமன் எடுத்துக்கொண்டான். சர்க்கரை வியாதி என்றார்கள். காட்டில் களை வெட்டுகிறவனுக்கு எப்படிப் பணக்கார வியாதி வந்தது என்று ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியம் இல்லை, நடுக்கம்தான். ராத்திரி படுத்தால் என் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பேன்.

அண்ணனை முதலில் பார்த்த போடி டாக்டர் என் வயிற்றை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒங்க வம்சத்துக்கே வரும்ப்பா இது. எடையக் கொறை. மூத்திரம், ரத்தம் ரெண்டையும் ஒருக்கா சோதிச்சுப் பாத்துரு."

முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதியை விட்டுவிட்டேன். சோதித்தால்தானே வியாதி இருப்பது தெரியும்? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதை நானே கூப்பிட்டு வீட்டைக் காட்டுவானேன்?

எடை பார்க்க எனக்கு ஓர் இடம் இருந்தது. நான் ஆள் இறக்கும் தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர். அங்கே மூட்டை நிறுக்கும் தராசு உண்டு. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒவ்வொரு வாரமும் மூட்டை மாதிரி ஏறி நிற்பேன். அவன் தராசுக் குண்டை நகர்த்தி எடை சொல்வான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எடை குறைந்தது. சாப்பாட்டில் நான் ஒரு பருக்கை குறைக்கவில்லை. பரோட்டா அப்படியே, சீனி தூக்கலாகப் போட்ட கட்டன் சாயா அப்படியே. ஆனாலும் குறைந்தது. சட்டை தொளதொளத்தது. வயிறு ஸ்டீயரிங்கை விட்டுப் பின்வாங்கியது. கூட்டாளிக்கு ஒரே சந்தோஷம். பச்சைக் காய் ஸ்டோருக்குள் போய்க் காய்ந்து வெளியே வரும்போது எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஈரம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. காலமெல்லாம் அதையே பார்த்தவன் அவன்.

"நல்லாக் காயுற மாப்ளே," என்றான். "ஒண்ணுக்கு நெறையப் போகுதுல்ல? ஈரம் எறங்குது. எறங்கட்டும், விட்ரு."

ஆமாம், நிறையவே போனது. மலை ஏறும்போது ஒரு வளைவு விட்டு ஒரு வளைவு ஜீப்பை நிறுத்தினேன். தொண்டை காய்ந்தது, ஓடைத்தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தேன். சரக்கு பக்குவமாகிறது என்று நானும் நம்பினேன். ஏலக்காய் வியாபாரம் நடக்கிற ஊரில் பிறந்தவன் வேறு எதை நம்புவான்?

ஒரு நாள் காலை, வளைவில் பனி இறங்கிவிட்டது. முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தேன், விலகவில்லை. மறுபடியும் துடைத்தேன். என் பெண்சாதியும் அந்தத் தோட்டத்தில்தான் காய் எடுத்தாள். அன்று முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குத் தொடைக்கிறீக? வெயிலு சுள்ளுன்னு அடிக்குது," என்றாள்.

வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். வெயில்தான். பனி கண்ணாடியில் இல்லை, என் கண்ணில் இருந்தது. இடது பக்கம் பள்ளம். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மீதி வளைவுகளை அவள் பாதை சொல்லச் சொல்ல, உடம்பெல்லாம் வேர்த்து, கட்டைவண்டி வேகத்தில் ஏற்றினேன். அவளும் நானும் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். கழற்றிப் போட்ட என் செருப்புகளில் இடது செருப்பில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதில் எறும்பு மொய்த்திருந்தது. மலைச்சரிவில் நின்று ஒன்றுக்குப் போகிறவனுக்கு ஒரு கால் பள்ளத்தில்தான் இருக்கும். தெறிப்பதெல்லாம் அதற்குத்தான். எறும்புக்கு யார் சொன்னது என்று ஒரு நக்கல் பேச வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அண்ணனுக்கு எடுத்ததும் இடது கால்தான்.

டாக்டர் வீட்டுக்கு அன்று என்னை நடத்திக் கூட்டிப்போனது அவள்தான். நான் நடந்தேனா, அவள் இழுத்தாளா, ஞாபகம் இல்லை.

என் மூத்திரத்தைச் சில சொட்டு, கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டு, டாக்டர் தீயில் காட்டினார். நீலம் பச்சையானது. எனக்கு உயிர் வந்தது. ஏலக்காயில் பச்சைதானே முதல் தரம். நல்ல கலர் என்று சொல்லியும்விட்டேன். பச்சை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சானது. கடைசியில் செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி அடியில் படிந்தது. அதற்கு மேல் நிறம் கிடையாதாம். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள், வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று. இரண்டும் அதையே சொன்னது.

எடை குறைந்திருக்கிறதே என்று நான் வாதாடினேன். தராசைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"அது நீ கொறச்சது இல்லப்பா," என்றார். "சர்க்கர ஒடம்புல தங்காம ஒழுகிப்போகுது. ஒடம்பு பசியில தன்னையே தின்னுக்கிட்டிருக்கு."

ஜீப்புச் சாவியைப் பெண்சாதியிடம் கொடுக்கச் சொன்னார். கண் தெளிகிறவரை ஓட்டக்கூடாது. மாத்திரை, சீனி இல்லாத சாயா, பாதிச் சோறு, சாயங்காலம் நடை. ஒரு புட்டி நீலத் தண்ணீரும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்தார். நீலம் மாறாமல் நின்றால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். எடை குறைந்தாலும் இனி அந்த நிறத்தைத்தான் நம்ப வேண்டும், தராசை இல்லை.

வீட்டில் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பெண்சாதிதான் காய்ச்சினாள். குழாயைப் பிடித்த இடுக்கி அதற்குப் பிறகு சமையலுக்குத் திரும்பவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்ன கலர் என்று கேட்பேன். செங்கல் போய் ஆரஞ்சு வந்தது. கொஞ்ச நாளில் மஞ்சள். பனியும் மெல்ல விலகியது, எதிர்வீட்டுக் கூரை ஓடுகளை எண்ண முடிந்தது. அந்தத் தைரியத்தில் தோட்டத்து ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்த் தராசில் ஏறினேன்.

எடை கூடியிருந்தது.

கூட்டாளி முகம் செத்துவிட்டது. ஈரம் ஏறினால் சரக்கு பூஞ்சை பிடிக்கும் என்பது அவன் கணக்கு. நான் பயந்துபோய் வீடு திரும்பினேன். அன்று இரவும் மறுநாளும் பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. பெண்சாதி விடவில்லை, மறுபடி டாக்டரிடம் இழுத்துப்போனாள். வீணாகக் கரைந்த சதை திரும்பிக் கூடுகிறது, குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகிறதா என்று மட்டும் பார், பட்டினி கிடந்தால் மாத்திரையே உன்னைக் கீழே தள்ளிவிடும் என்று திட்டி அனுப்பினார். அவர் சொன்னபடி நடந்தேன், எடை கொஞ்சகாலம் நின்றது. அப்புறம் தொப்பை மட்டும் மெதுவாக இறங்கியது. அந்தத் தடவை எனக்குச் சந்தோஷமே வரவில்லை. குறைகிறதே என்று பயம், கூடினாலும் பயம்.

பிறகு ஒரு காலையில் பெண்சாதி என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். குழாயில் நீலம். விட்டது விட்டபடி நீலம். சரியாகக் கொதித்திருக்காது என்றேன். இடுக்கியை வாங்கி மறுபடியும் தீயில் பிடித்தேன். இப்போது மாறும், இப்போது மாறும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பளித்து என் கைமேல் தெறித்தது. அப்போதும் நீலம்தான்.

"போதும், எறக்குங்க," என்றாள். "வத்திப்போற வரைக்கும் காச்சினாலும் அது செவக்காது."

மடியிலிருந்து ஜீப்புச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் முதலில் குனிந்து என் இடது கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் சாவியை எடுத்தேன்.