ஒரு சொல்லில் சொல்லும்

சோழகக் காற்று வீசினால் எங்கள் எட்டாம் வகுப்புக்குள் கருவாட்டு வாசம் வந்துவிடும். இங்கிலீஸ் வாத்தியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு யன்னல்களைச் சாத்தச் சொல்லுவார். அவருக்கு நீளமான எதுவும் பிடிக்காது. யார் வாய் திறந்தாலும் ‘பிரீஃப்’, ‘சோர்ட்’, ‘டு த பொயின்ற்’ என்று மேசையில் பிரம்பால் அடிப்பார். அவரைக் குறை சொன்னால் ஊரில் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் ஊரான கீரிக் கரையில் கடலில் போன உயிரைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே சொல்லமாட்டார்கள். காற்றில் தொடங்கி, நீரோட்டம், வலை, வள்ளம் என்று மெல்ல மெல்ல வருவார்கள். முடிவு வருவதற்குள் கேட்பவருக்குத் தானாகவே விளங்கி அழுகை வந்துவிடும். அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் சொல்ல வேண்டியிராது.

அன்று அம்மாவின் தம்பி யோசேப்பு மாமா இடுப்பில் நனைந்த சாரத்தோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். விடிய அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போனவர். என்னைப் பார்க்காமல் வாத்தியாரைப் பார்த்து, “விடியப்புறம் சோழகம் கொஞ்சம் எழும்பினது, சேர். நாங்கள் வலை இழுக்கேக்கை…” என்று தொடங்கினார்.

“பிரீஃப்! பிரீஃப்!” பிரம்பு மேசையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா விளங்காமல் விழித்தார். “ஒரு சொல்லிலை சொல்லும்!”

மாமாவுக்கு வாய் கோணியது. “செத்திட்டார்” என்றார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று வாத்தியார் என்னைப் போகச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மாமா அம்மாவுக்குக் காற்றிலிருந்து தொடங்கினார். வலையைப் பற்றிச் சொல்லும்போதே அம்மா நெஞ்சில் அடித்து அழுதாள். முடிவு தெரிந்த நான் பக்கத்தில் மரக்கட்டை மாதிரி நின்றேன். அப்பாவுக்காக அன்று நான் அழவில்லை, பிறகும் அழ வரவில்லை. அந்த வாத்தியாரை நான் மன்னிக்கவும் இல்லை.

இப்போது கீரியில் யாரும் காற்றிலிருந்து தொடங்குவதில்லை. போன மாதம், கொழும்பில் மகனோடு இருந்த யோசேப்பு மாமாவின் படம் என் கைத்தொலைபேசிக்கு வந்தது, கீழே ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்து. உடனே மாமாவின் மகனை அழைத்தேன். கடைசி நேரம் எப்படியிருந்தது, யார் பக்கத்தில் இருந்தது, மாமா ஏதாவது கேட்டாரா என்று கேட்டேன்.

“அதுதான் மெசேஜ் போட்டனான் எல்லே, மச்சாள்” என்றான்.