டைப்ரைட்டர்கள் நின்றபோது

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, திருச்சி கன்டோன்மென்டில் ஓர் ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரே ஹாலில் ஆறு பெண்கள், ஆறு டைப்ரைட்டர்கள். மானேஜர் தன் அறையை விட்டு வெளியே வரவே மாட்டார். எங்கள் டைப் சத்தம் காதில் விழுந்தால் வேலை நடக்கிறது என்று அவருக்கு நிம்மதி.

ஹெட்கிளார்க்குக்கு ஒரு வியாதி இருந்தது. தப்பு பார்க்கிறேன் என்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கையை வைப்பார். போய்ச் சொன்னோம். "அவர் உங்க அப்பா மாதிரிம்மா" என்று மானேஜர் எங்களுக்கே புத்தி சொல்லி அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா ஒருநாள்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை!

மத்தியானம் புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தோம்.

மறுநாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தோளில் அவர் கை விழுந்ததுதான் தாமதம், எல்லோரும் ஒரே சமயத்தில் டைப் அடிப்பதை நிறுத்தினோம். மின்விசிறி சுற்றுவது கேட்டது.

மானேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "என்னாச்சு? ஏன் எல்லாம் நின்னு போச்சு?"

"ஒண்ணுமில்லைங்க சார். அப்பா வந்து நிக்கிறாங்க, மரியாதைக்கு நிறுத்திட்டோம்" என்றேன்.

மானேஜரின் பார்வை அந்தக் கையில் போய் நின்றது. கை சுட்டதுபோல விலகியது. நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம்.

அதற்கப்புறம் ஹெட்கிளார்க் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினாலே போதும், ஹால் அடங்கிவிடும். மனுஷன் தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கே வரவழைத்துக் குடித்தார்.