டயருக்குள் ஏழு சில்லு

புஸ்ஸ்ஸ்!

சனிக்கிழமை காலை ஆறேகால் மணி. சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் பக்கமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று பின் டயரிலிருந்து பால் மாதிரி ஏதோ பீய்ச்சி முதுகெல்லாம் அபிஷேகம்!

என்னுடையது ட்யூப்லெஸ் டயர். உள்ளே ட்யூப் கிடையாது. ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு வெள்ளைத் திரவம் மட்டும் இருக்கும். 'இனி பஞ்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று போன மாதம் இதே பக்கத்தில் எழுதி அளந்துவிட்டேனே... அந்த டயர்தான்.

இந்த ஓட்டை அடைபடவில்லை. நல்லவேளை, அவசரத்துக்கு ஒரு ட்யூப் பையில் இருந்தது. டயரைக் கழற்றி அதைத் திணிக்கப் போனேன்.

"சார், நில்லுங்க! உள்ள தடவிப் பாத்தீங்களா?"

நீல யூனிஃபார்மில் ஒரு பெண், பழைய லேடீஸ் சைக்கிளில். பெயர் ஸ்டெல்லாவாம். பக்கத்துக் கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை.

"ஏழு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க சார். ஏற்கெனவே ரெண்டு தபா லேட்டு. இன்னிக்கும் லேட்டுன்னா வேலையே பூடும்... கான்ட்ராக்ட் ஆளு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கர்சீப்பால் டயரின் உட்புறத்தைத் துடைத்தார். துணி எதிலோ மாட்டியது.

இரும்புச் சில்லு! இன்னொன்று. இன்னொன்று... மொத்தம் ஏழு!

லாரிகளிலிருந்து ரோட்டில் சிந்தும் கழிவு. இதையெல்லாம் எத்தனை மாதமாகச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறேன்? குத்தக் குத்த அந்தத் திரவம் அடைத்து அடைத்து மறைத்திருக்கிறது. "சீ, சனியனே!" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வீசினேன்.

ட்யூபைப் போட்டுக் காற்றடித்தோம். "வர்ட்டா சார், பத்து நிமிஷம்தான் கீது" என்று கிளம்பினார். பத்தடி போயிருப்பார்.

புஸ்ஸ்ஸ்!

நான் வீசிய சில்லு... அவருடைய முன் டயரில்!

"இன்னா சார் இது..." என்றார். முகம் வெளிறிவிட்டது. அட மடையா, நடுரோட்டிலா எறிவாய்? என் சைக்கிளின் சீட்டை இறக்கி அவரிடம் தள்ளினேன்.

"இதுல போம்மா. சீக்கிரம்!"

அவர் போனதும் ரோட்டில் குனிந்து தேடினேன். ஆறு கிடைத்தன. ஏழாவதை அவர் டயரிலிருந்து பிடுங்கினேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டு, ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். உள்ளே விட்டிருப்பார்களா? காலையிலேயே திருப்பி அனுப்பியிருந்தால்?

கூட்டத்தோடு அவர் வெளியே வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"கேட்டைச் சாத்தசொல்லோ உள்ள பூந்துட்டேன் சார்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு... எங்க லைன்ல ரிஜெக்ட் பீஸைக் கீழ போட்டா அன்னிக்கே வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க. செவப்பு டப்பாலதான் போடணும்."

ஸ்பேர் ட்யூப் பக்கத்தில் இப்போது ஒரு சிவப்பு டப்பாவும் வைத்திருக்கிறேன். உள்ளே ஏழு சில்லு.